13 அணிகள், ஒரு மோதிரம்: இஷ் ஸ்மித்தை எப்படி மதிப்பிடுவது?

கோர்ட்டோரம் எழுதியது:

நண்பர்களே, ஜோர்டனா லெப்ரானா என்று இங்கே எத்தனையோ இழை ஓடிவிட்டது. இந்த ஒன்றை நட்சத்திரமாகவே இல்லாத ஒருவருக்காகத் தொடங்குகிறேன்.

இஷ் ஸ்மித். ஆறடி உயரம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ கணக்கில் குள்ளம். 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 60 பேரைக் கூப்பிட்டார்கள், அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அவர் 14 சீசன் ஆடினார். 2022 அக்டோபரில் டென்வர் நகெட்ஸ் சட்டையோடு களத்தில் இறங்கியபோது அது அவருடைய 13வது அணி. அதற்கு முன் 12 அணி என்ற சாதனையை டோனி மாசன்பர்க், சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நான்கு பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

வரிசை இது: ஹூஸ்டன், மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், ஷார்லட், டென்வர். மொத்தம் 30 அணி உள்ள லீக்கில் கிட்டத்தட்ட பாதி. பிலடெல்பியா, வாஷிங்டன், ஷார்லட் மூன்றுக்கும் ஒருமுறை போய், திரும்பவும் போயிருக்கிறார்.

2023 ஜூனில் இறுதிச் சுற்றில் மயாமியை ஐந்தாவது ஆட்டத்தில் முடித்து டென்வர் கோப்பை வாங்கியது. இவருக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

இந்தச் சாதனை பேச்சில் வரும்போதெல்லாம் நம்ம ஆட்களே பரிதாபமாகப் பேசுகிறார்கள். எங்கேயும் நிலைக்காதவர் என்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. என்பிஏ எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமா, இவர் போன பாதையைப் படித்தால் போதும். உங்கள் கருத்து?

---

ஆறாவது ஆள் எழுதியது:

கோர்ட்டோரம், உங்க பதிவுகளை மதிக்கிறவன் நான். ஆனா இதுல ஒத்துப்போக முடியல.

13 அணி வாங்கினாங்கன்னு நீங்க பார்க்கறீங்க. 12 அணி வேண்டாம்னு விட்டாங்கன்னு நான் பார்க்கிறேன். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துற ஒரு நல்ல பாயிண்ட் கார்டை எந்த அணியும் சும்மா விடாது. ஜான் ஸ்டாக்டன் 19 சீசனும் யூட்டாவிலேயே ஆடினார். ஸ்டீவ் நாஷையே மூணு அணிதான் பார்த்தது. இஷ் ஸ்மித்தோட குறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மூணு புள்ளி ஷாட் நம்பகமா விழாது. அதனால எதிரணி கார்டு அவரைத் தள்ளி நின்னே காவல் காப்பார், பிக்குக்கு (கூட்டாளி உடம்பால போடற திரைக்கு) அடியில நழுவி வந்து பாதையை அடைச்சிடுவார். ஒவ்வொரு அணியும் அதைக் கண்டுபிடிச்ச பிறகுதான் அனுப்பி வச்சிருக்கு.

உழைப்பாளி, நல்ல மனுஷன், எல்லாம் சரி. அதுக்காக நிலைக்காம போனதை சாதனைன்னு கொண்டாடணுமா?

---

வடகரோலினா தமிழன் எழுதியது:

ஆறாவது ஆள் சகோ, ஒரே ஒரு ஒப்பீடு. 2010 டிராஃப்டில் முதல் ஆள் ஜான் வால், இரண்டாவது எவன் டர்னர், நாலாவது வெஸ்லி ஜான்சன். டர்னரும் ஜான்சனும் 2020க்குள் லீக்கை விட்டுப் போய்விட்டார்கள். வால் கடைசியாக ஆடியது 2022-23. டிராஃப்டில் பெயரே வராத இஷ் 2023-24லும் ஷார்லட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தார். வாலுக்குக் காயங்கள் நிறைய, அதை மறைக்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்.

நான் ஷார்லட் பக்கம்தான் இருக்கிறேன். இங்கிருந்து வடக்கே போனால் கான்கார்ட், அதுதான் அவர் வளர்ந்த ஊர். சென்ட்ரல் கபாரஸ் பள்ளி, பிறகு இதே மாநிலத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். 2021ல் ஷார்லட் ஹார்னெட்ஸ் அவரை எடுத்தபோது உள்ளூர்க்காரர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த சீசன் முடியும் வரைகூட வைத்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் மாண்ட்ரஸ் ஹேரலை வாங்க வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊர் அணி என்பதால் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆறாவது ஆள் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 12 அணிகளும் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து, பிடிக்காமல் அனுப்பியதாக நினைக்கிறார். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் காரணம் என்ன என்று பார்த்தால் பலவும் அவருக்குச் சம்பந்தமே இல்லாதவை.

2011 பிப்ரவரி: ஹூஸ்டனிலிருந்து ஷேன் பாட்டியே மெம்ஃபிஸுக்குப் போகிறார். பதிலுக்கு 2009 டிராஃப்டின் இரண்டாவது ஆளான ஹஷீம் தபீட் ஹூஸ்டனுக்கு வருகிறார். அந்தப் பேரத்தின் பெயர் பாட்டியே, தபீட். கூடவே போனவர் இஷ்.

2013 பிப்ரவரி: ஆர்லாண்டோ ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்கு அனுப்பி டோபயஸ் ஹாரிஸை வாங்கியது. அதிலும் கூடவே போனவர் இஷ்.

2013 ஆகஸ்ட்: ஃபீனிக்ஸிடமிருந்து கரோன் பட்லரை வாங்க மில்வாக்கி கொடுத்த இருவரில் ஒருவர் இஷ்.

2022 கோடை: டென்வருக்கு வேண்டியது கென்டேவியஸ் கால்ட்வெல் போப். மான்டே மாரிஸையும் வில் பார்ட்டனையும் கொடுத்து வாங்கினார்கள். இந்த முறையும் கூடவே வந்தவர் இஷ்.

காரணம் எளிது. லீக் வைத்த சம்பள வரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தைத்தான் வாங்கலாம். பெரிய பெயர்கள் இரண்டைப் பேசி முடித்த பிறகு கணக்கு கொஞ்சம் இடிக்கும், அல்லது 15 பேர் பட்டியலில் ஓர் இடம் காலியாக வேண்டியிருக்கும். அப்போது சின்னச் சம்பளத்தில் இருப்பவரைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்வார்கள். அந்த ஆள் முந்தைய இரவு எப்படி ஆடினார் என்பது அந்த மேசையில் பேச்சுக்கே வராது.

இன்னும் சில விதிகளைச் சேர்த்துச் சொல்கிறேன், இவற்றைத் தெரியாமல் இந்த மாதிரி வீரர்களைப் பற்றிப் பேச முடியாது.

உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10 அன்று உத்தரவாதமாகிவிடும். வேவ் செய்தால், அதாவது அணி ஒருவரை விடுவித்தால், 48 மணி நேரம் மற்ற அணிகளுக்கு அவரை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அந்த நேரம் கழிய வேண்டும் என்பதால் ஜனவரி 7க்குள் முடிவெடுத்தாக வேண்டும். பட்டியலின் கடைசி இரண்டு மூன்று பேருக்கு ஜனவரி முதல் வாரம் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். அதே நேரத்தில், ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். ஒரே அணி ஒருவருக்கு ஒரு சீசனில் இரண்டு முறை அதைத் தரலாம். அதற்குப் பிறகு சீசன் முடியும் வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும்.

அனுபவம் கூடக்கூடக் குறைந்தபட்சச் சம்பளமும் கூடும். அப்படியே விட்டிருந்தால் அணிகள் பழைய ஆளை விட்டுவிட்டு மலிவான இளைஞரைத்தான் எடுக்கும். அதனால் ஓர் ஆண்டு மினிமம் ஒப்பந்தத்தில் மூத்த வீரரை எடுத்தால், இரண்டு ஆண்டு அனுபவக்காரருக்கான தொகையை மட்டும் அணி கொடுக்கும், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். 35 வயதில் பெஞ்சில் ஓர் இடம் கிடைப்பதற்கு இந்த ஒரு விதி பெரிய காரணம்.

ஓய்வூதியத் தகுதிக்கு மூன்று ஆண்டு சேவை வேண்டும். 2016ல் வீரர்கள் சங்கம் கொண்டுவந்த முன்னாள் வீரர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கும் குறைந்தது மூன்று ஆண்டு. பத்து நாள் ஒப்பந்தத்துக்கு ஏங்குபவர்களில் பலருக்கு அந்த மூன்றாவது ஆண்டுதான் இலக்கு.

---

செல்வி_எம் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, இவ்வளவு தெளிவா யாரும் எழுதிப் படிச்சதில்லை, நன்றி.

சீசன் நடுவுல ட்ரேட் ஆனா 48 மணி நேரத்துக்குள்ள புது அணியில போய் நிக்கணும்னு எங்கேயோ படிச்சேன். உண்மைதானா? எங்க அப்பா வங்கி வேலை. மாற்றல் உத்தரவு வந்தா கல்வியாண்டு முடியட்டும்னு எழுதிக் கேட்பார், பாதி தடவை ஒத்துக்குவாங்க. இங்க கேட்கவே வழியில்லையா? பசங்க படிப்பு, வாடகை வீடு எல்லாம் என்ன ஆகும்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உண்மைதான் அம்மா. சீசன் நடக்கும்போது தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் பழைய ஊரிலேயே பள்ளி ஆண்டு முடியும் வரை இருந்துவிடும், வீரர் மட்டும் ஓட்டலில் தங்குவார். அதற்குள் அடுத்த ட்ரேட் வந்துவிடுவதும் உண்டு.

---

கோர்ட்டோரம் எழுதியது:

ஆறாவது ஆள், ஆட்டத்தைப் பற்றியே பேசுவோம். 2015-16 பிலடெல்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இவர் மேல் மரியாதை வந்தது அந்த சீசனில்தான்.

முன்கதை கொஞ்சம் வேண்டும். 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டி அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு ட்ரேட் செய்கிறது. நியூ ஆர்லியன்ஸ் உடனே வேவ் செய்கிறது. பிலடெல்பியா எடுத்துக்கொள்கிறது, அந்த சீசனின் மிச்சத்தை அங்கே ஆடுகிறார். கோடையில் ஒப்பந்தம் முடிகிறது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் வாஷிங்டன் பயிற்சி முகாமுக்குப் போகிறார், சீசன் தொடங்கும் முன் அவர்களும் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரத்தில் நியூ ஆர்லியன்ஸ் கார்டுகளுக்குக் காயம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நிமிடம்கூட ஆடவிடாமல் அனுப்பியவர்கள் ஃபோன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். இவர் போனார், அங்கே நன்றாகவும் ஆடினார்.

அதே டிசம்பரில் பிலடெல்பியா நிலைமை என்ன? பொது மேலாளர் சாம் ஹிங்கி திட்டமிட்டு அணியைக் கீழே இறக்கி, டிராஃப்ட் பிக் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை) சேர்த்துக்கொண்டிருந்த காலம். 31 ஆட்டத்தில் ஒரு வெற்றி, 30 தோல்வி. நெர்லன்ஸ் நோயல், ஜலில் ஒகஃபோர் என்று முதல் ஆறு இடங்களுக்குள் எடுக்கப்பட்ட இரண்டு சென்டர்கள் (வளையத்தருகே ஆடும் உயர ஆட்கள்) இருந்தார்கள். அவர்களுக்குச் சரியான நேரத்தில், சரியான இடத்தில் பந்து தர ஆளில்லை. நோயல் திரை போட்டுவிட்டுத் திரும்பி வளையம் நோக்கி ஓடுவார், பந்து அரை வினாடி தாமதமாக வரும், அதற்குள் உதவிக் காவல் வந்து நிற்கும். ஒகஃபோர் வளையத்தருகே எதிராளிக்கு முதுகைக் கொடுத்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், பாஸ் முழங்காலுக்கு வரும். இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கிறோம் என்று சொன்ன அணி, அவர்கள் வளர வேண்டிய முதல் தேவையைக்கூட வைத்திருக்கவில்லை.

ஜெர்ரி கொலாஞ்சலோ அணி நிர்வாகத்தின் தலைமைக்கு வந்தார். கோச் பிரெட் பிரவுனுக்கு ஏற்கனவே தெரிந்த ஆளான இஷ்ஷை டிசம்பர் 24 அன்று இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக் இரண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பத்து மாதம் முன் சும்மா கிடைத்தவருக்கு இப்போது விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக டோனி ரோட்டனை அதே நாள் விடுவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அது. இந்தத் தொழிலில் ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். அன்று இஷ் உள்ளே வரும் பக்கம் இருந்தார், எத்தனையோ முறை அவரும் ரோட்டன் நின்ற பக்கத்தில் நின்றவர்தான்.

டிசம்பர் 26, ஃபீனிக்ஸில் ஆட்டம். புது அணியோடு முழுப் பயிற்சிக்குக்கூட நேரம் இருந்திருக்காது. 111-104, பிலடெல்பியா வென்றது. சீசனின் இரண்டாவது வெற்றி.

மிச்ச சீசனில் அவர் சராசரியாக ஆட்டத்துக்கு 14 புள்ளிக்கு மேல், ஏழு அசிஸ்ட். எண்ணிக்கையை விடுங்கள், நோயலுக்கு லாப் (வளையத்தருகே உயரமாகப் போடும் பாஸ்) போன விதத்தைப் பாருங்கள். இஷ் திரையைத் தாண்டியதும் நேராக வளையத்துக்குப் போக மாட்டார். ஃப்ரீ த்ரோ கோட்டோரம் ஒரு கணம் நிதானிப்பார். எதிரணி சென்டர் தடுமாறுவார், ஏனென்றால் அந்த இடத்திலிருந்து எழும்பிப் போடும் ஜம்ப் ஷாட்தான் இஷ்ஷின் நிச்சயமான ஆயுதம். சென்டர் ஒரு எட்டு முன்னே வைப்பார். அந்த எட்டு போதும், பந்து அவர் தலைக்கு மேலே போய்விட்டிருக்கும், நோயல் அங்கே காற்றில் இருப்பார். முந்தைய இரண்டு மாதம் அதே நோயல் எதற்கும் உதவாதவர் மாதிரித் தெரிந்தார்.

---

ஆறாவது ஆள் எழுதியது:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கணக்கு பேசட்டும். அந்த அணி 10-72ல (10 வெற்றி, 72 தோல்வி) முடிஞ்சுது. இஷ் வந்த பிறகு 9 வெற்றி, 42 தோல்வி. மோசமான அணியை கொஞ்சம் குறைவா மோசமாக்கினார், அவ்வளவுதான்.

---

கோர்ட்டோரம் எழுதியது:

அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று பாருங்கள். 82 ஆட்டச் சீசனில் மிக மோசமான சாதனை 9-73. அதுவும் இதே பிலடெல்பியாவுடையது, 1972-73ல். அவர்கள் 10-72ல் முடித்ததால் ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் அதிலிருந்து தப்பினார்கள். அந்தப் பத்தாவது வெற்றி ஏப்ரல் மாதம் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக வந்தது, இஷ்ஷை விற்ற அதே அணி.

31 ஆட்டத்தில் ஒன்று என்ற வேகத்தில் போயிருந்தால் எங்கே போய் நின்றிருப்பார்கள்? தோற்கத் திட்டமிட்ட ஓர் அணியில், அடுத்த ஆண்டு தான் இருப்போமா என்று தெரியாமலே, ஒவ்வொரு இரவும் 20, 21 வயதுப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த மனிதர் இவர். அந்தக் கோடையில் டெட்ராய்ட் மூன்று ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. 28 வயதில் அவருக்குக் கிடைத்த முதல் நிலையான ஒப்பந்தம். அணிகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

---

பழைய பாயிண்ட் எழுதியது:

கல்லூரி அணியில் பாயிண்ட் ஆடியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லணும். எல்லாரும் ஊர் மாறுவதைப் பேசுகிறீர்கள், ஆட்டம் மாறுவதை யாரும் தொடவில்லை.

மற்ற இடத்தில் ஆடுபவர் புது அணிக்குப் போனால், தான் எங்கே நிற்கணும் என்று மட்டும் தெரிந்தால் ஓட்டிவிடலாம். பாயிண்ட் கார்டுக்கு ஐந்து பேர் நிற்கும் இடமும் தெரியணும். உதாரணத்துக்கு ஹார்ன்ஸ் என்ற அமைப்பு. பந்து மேலே, இரண்டு உயர ஆட்கள் ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையில், இரண்டு பேர் மூலையில். எல்லா அணியும் இதே அமைப்பில்தான் நிற்கும். ஆனால் இங்கிருந்து என்ன நடக்கும் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஓர் அணியில் இடப்பக்க ஆள் திரை போடுவார், வலப்பக்க ஆள் வெளியே வருவார். இன்னொன்றில் பந்தை முனைக்குக் கொடுத்துவிட்டு கார்டு மூலையில் இருப்பவருக்குத் திரை போட ஓடணும். ஒவ்வொன்றுக்கும் கைச் சைகை வேறு, கூப்பிடும் பெயர் வேறு. ஒரே பெயர் இரண்டு அணியில் இரண்டு வெவ்வேறு ஆட்டத்தைக் குறிக்கும், அதுதான் கொடுமை. அழுத்தமான நேரத்தில் வாயில் பழைய அணியின் பெயர்தான் வரும்.

அதற்கும் மேலே, கூட ஆடுபவரின் கையைத் தெரிஞ்சுக்கணும். எந்த ஷூட்டருக்குப் பந்து நெஞ்சு உயரத்தில் வேணும், யாருக்கு இடுப்பில் வேணும், எந்த சென்டர் ஓடும்போது பந்தைப் பிடிப்பார், யாருக்கு நின்றால்தான் கையில் ஒட்டும். இதையெல்லாம் 13 அணியில், பல தடவை சீசன் நடுவில், இரண்டு நாளில் கற்றுக்கொண்டவர். டிராஃப்டில் எடுக்கப்பட்ட எத்தனையோ பேர் ஒரே அணியின் ஆட்டப் புத்தகத்தோடு நாலு வருடம் போராடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆறாவது ஆள் தம்பி, ஷூட்டிங் குறையை மட்டும் பார்க்காதீங்க.

---

நள்ளிரவு நேரலை எழுதியது:

பல அணி பார்த்தவர் என்றாலே டிராஃப்டில் எடுக்கப்படாதவர், கடைசி பெஞ்ச் என்று ஒரு படம் எல்லார் மனதிலும் இருக்கு. ஜோ ஸ்மித்தைப் பாருங்கள். 1995 டிராஃப்டில் முதல் ஆள். கெவின் கார்னெட்டுக்கும் முன்னால் கூப்பிடப்பட்டவர். பிறகு அதே கார்னெட்டோடு மினசோட்டாவில் ஆடும்போதுதான் அந்த ரகசிய ஒப்பந்த விவகாரம். இப்போதைக்குக் குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பிறகு பெரிய தொகை தருகிறோம் என்று சம்பள வரம்பை ஏய்க்க எழுதிக்கொண்டது. 2000ல் வெளியே வந்தது. லீக் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மினசோட்டாவுக்கு 35 லட்சம் டாலர் அபராதமும் போட்டு, முதல் சுற்று டிராஃப்ட் பிக் ஐந்தைப் பறித்தது, பிறகு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள். ஜோ ஸ்மித் ஒரு வருடம் டெட்ராய்ட் போய், மீண்டும் மினசோட்டா வந்து, அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றி 12 அணி.

ஜிம் ஜாக்சன் 1992ல் நாலாவது ஆள். ஜெஃப் கிரீன் 2007ல் ஐந்தாவது. கிரீனுக்கு 2012 ஜனவரியில் இதயத்தில் பெரிய அறுவை சிகிச்சை, ஒரு சீசன் முழுக்கப் போனது. திரும்பி வந்து இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். 2023ல் டென்வர் கோப்பை வாங்கியபோது அவருக்கு அது 11வது அணி. ஒரே பெஞ்சில் 13 அணி பார்த்தவரும் 11 அணி பார்த்தவரும் உட்கார்ந்திருந்தார்கள், டென்வர் நட்சத்திரங்கள் யோகிச்சும் மர்ரேயும் ஆடிக்கொண்டிருக்க.

இன்னொரு முனையில் ஆண்ட்ரே இங்க்ரம். என்பிஏவுக்குக் கீழே உள்ள லீக்கில் பத்து சீசன். அங்கே அப்போதெல்லாம் சீசனுக்கே 13,000 டாலரிலிருந்து 25,000 சொச்சம் வரைதான். கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு ஆடினார். 2018 ஏப்ரல் 10, சீசன் முடிய இரண்டே ஆட்டம் இருக்கும்போது லேக்கர்ஸ் கூப்பிட்டது. 32 வயதில் முதல் என்பிஏ ஆட்டம், ஹூஸ்டனுக்கு எதிராக 19 புள்ளி. அரங்கமே எழுந்து நின்றது. அவர் கண்ணில் பார்த்தால் இஷ் ஸ்மித்துக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய வாழ்க்கை!

---

ஆறாவது ஆள் எழுதியது:

பழைய பாயிண்ட் அண்ணே, ஆட்டப் புத்தகம் விஷயம் நல்ல பாயிண்ட். அதை ஏத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. டென்வர் இறுதிச் சுற்றுல அவர் ஆடினது என்ன? அந்த மோதிரத்துல அவர் பங்கு என்ன?

---

வடகரோலினா தமிழன் எழுதியது:

பிளேஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) ரொம்பக் குறைவு, ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகு சில நிமிடங்கள். அதை யாரும் மறைக்கவில்லை. வழக்கமான சீசனில் ஜமால் மர்ரே ஓர் ஆண்டுக் காயத்திலிருந்து திரும்பியிருந்தார், தொடர்ச்சியாக எல்லா ஆட்டமும் ஆட மாட்டார். அந்த இரவுகளுக்கு ஒரு கார்டு வேண்டும். நவம்பரில் ஜெயித்த ஆட்டமும் இடப்பட்டியலில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அந்த ஆண்டு டென்வர் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அவரால் என்ன முடியும் என்று டென்வருக்கு நன்றாகவே தெரியும். 2020 ஜனவரி 4, வாஷிங்டனுக்காக பெஞ்சிலிருந்து வந்து 32 புள்ளி எடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே அதிகம். எதிரணி டென்வர்தான், யோகிச் ஆடிய டென்வர். 128-114, வாஷிங்டன் வென்றது. அந்த ஆட்டத்தின் துணுக்குகள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். மூன்று புள்ளி வராது, தள்ளி நின்று காவல் காக்கலாம் என்று நினைத்தவர்கள் அந்த இடைவெளியைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் அந்த இடைவெளியில்தான் எழும்பி எழும்பிப் போட்டார்.

---

நள்ளிரவு நேரலை எழுதியது:

13ஐ யார் தாண்டுவார் என்று பார்த்தால் டென்னிஸ் ஷ்ரூடர். 2025 கோடையில் சாக்ரமெண்டோ போனபோது அது பத்தாவது அணி. இவரையும் நிலைக்காதவர் என்று சொல்வீங்களா ஆறாவது ஆள்? 2023 உலகக் கோப்பையை ஜெர்மனி வாங்கியபோது தொடர் நாயகன் அவர்தான், 2025 யூரோபாஸ்கெட்டிலும் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அவர்தான். ஜெர்மனிக்கு அவர் கேப்டன், என்பிஏவில் அவர் ட்ரேட் கெடு வரும் பிப்ரவரி மாதச் சரக்கு. 2025 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட்டிலிருந்து யூட்டா வழியாக டெட்ராய்ட் போனபோது, வீரர்களை இப்படி நடத்துவது நவீன அடிமைத்தனம் என்றே பேசிவிட்டார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் அப்படிச் சொல்லலாமா என்று பெரிய சண்டை நடந்தது. அந்தச் சொல் எனக்கும் உறுத்தல்தான், அதன் வரலாறு வேறு. ஆனால் எந்த ஊரில் வாழ்வது என்பதில் தனக்கு ஒரு வாக்குகூட இல்லை என்று ஒருவர் கோபப்படுவது நியாயமில்லையா?

---

செல்வி_எம் எழுதியது:

ட்ரேட் பண்ணக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்க முடியும்னு சொல்றாங்களே, அது யாருக்குக் கிடைக்கும்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள் அம்மா. இந்த இழையில் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயமே அதுதான்.

ட்ரேட் மறுப்பு உரிமையை எழுதி வாங்க இரண்டு தகுதி வேண்டும். லீக்கில் எட்டு ஆண்டு அனுபவம். அதில் குறைந்தது நான்கு ஆண்டு, ஒப்பந்தம் போடும் அந்த அணியிலேயே.

முதலாவது இஷ்ஷுக்கு இருந்தது. இரண்டாவதைப் பாருங்கள். அவர் தொடர்ந்து அதிக காலம் இருந்த அணி டெட்ராய்ட், 2016 முதல் 2019 வரை மூன்று சீசன். முதன்மை கார்டு ரெஜி ஜாக்சனுக்குக் காயம் வரும்போதெல்லாம் அணியை ஓட்டியவர். பிளேஆஃபுக்கும் போனார்கள். நான்காவது ஒப்பந்த ஆண்டு அங்கே கிடைக்கவில்லை, இரண்டு ஆண்டு 1.2 கோடி டாலருக்கு வாஷிங்டன் போனார்.

இன்னொரு மறுப்பு உரிமையும் உண்டு. ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் பழைய அணியிலேயே திரும்பச் சேர்ந்தால், சில நிபந்தனைகளோடு அந்த ஆண்டு ட்ரேடுக்கு அவர் சம்மதம் வேண்டும். அதுவும் ஏற்கனவே அங்கே இருந்தவருக்குத்தான்.

ஆக, போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை, யாரும் போகச் சொல்லாதவருக்கு மட்டுமே கிடைக்கிறது. 2022 கோடையில் வாஷிங்டனில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணியின் நட்சத்திரம் பிராட்லி பீலுக்கு ஐந்து ஆண்டு, 25 கோடி டாலர், கூடவே ட்ரேட் மறுப்பு உரிமை. அதே கோடையில், அதே அலுவலகம், அதே அணியில் இருந்த இஷ் ஸ்மித்தை டென்வருக்கு அனுப்பியது. பீலுக்குத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை, முதலிலிருந்தே அங்கேயே இருந்தவர் அவர். ஆனால் மொத்தம் எட்டு ஆண்டு ஆடினாலே சீசன் நடுவிலாவது, குழந்தைகள் பள்ளியில் இருக்கும்போதாவது, சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் லீக் கெட்டுப் போகாது. சங்கம் அதற்காகப் போராடியதாக நான் பார்த்ததில்லை. மேசையில் உட்கார்ந்து பேசுபவர்களில் பெரிய ஒப்பந்தக்காரர்களும் உண்டு.

---

ஆறாவது ஆள் எழுதியது:

ஆட்டத்தைப் பத்தின என் கருத்து மாறல. நல்ல மூணு புள்ளி ஷாட் இருந்திருந்தா டெட்ராய்ட் அவரை விட்டிருக்காது, இதுல உறுதியா இருக்கேன்.

ஆனா அந்த நாலு ஆண்டு விதி எனக்குப் புதுசு. அது மாறணும்ங்கறதுல கணக்குப்பிள்ளை ஐயா பக்கம்தான் நான். லீக்குக்கும் சங்கத்துக்கும் அடுத்த ஒப்பந்தப் பேச்சு வரும்போது இதுக்குன்னு தனி இழை தொடங்குங்க, ஜனவரி 10 தேதி விஷயத்தையும் அதுல சேர்த்துக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தொடங்குகிறேன் தம்பி. பத்து நாள் ஒப்பந்தக்காரர்களின் காப்பீடு பற்றியும் அதில் எழுத வேண்டியிருக்கிறது.